ஓம், அதோட...

வணக்கம் அண்ணா,

பழைய வானொலி நாடகங்களைப் பற்றி நீங்கள் எழுதியவற்றை விடாமல் வாசித்து வருகிறேன். நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். வயது 26. ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர்களின் போன் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் வேலை. ஒன்றரை வருடமாக நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து சனிக்கிழமை பின்னேரங்களில் இம்ப்ரோவ் செய்கிறோம். ஸ்கிரிப்ட் கிடையாது. பார்க்க வந்தவர்கள் ஒரு சொல் தருவார்கள், அதை வைத்து அங்கேயே ஒரு காட்சி நடிப்போம். முப்பது பேர் வந்தால் அதுவே எங்களுக்கு ஹவுஸ்ஃபுல். நன்றாகச் சிரிக்கிறார்கள். ஆனால் போன மாதம் ஒரு டிவி ஒடிஷனுக்குப் போய்க் கல்லுமாதிரி நின்றேன். எழுதித் தந்த நாலு வரியைக்கூடப் பகிடியாகச் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் எல்லாரும் இம்ப்ரோவிலிருந்துதானே டிவிக்குப் போகிறார்கள், எங்களுக்கு மட்டும் ஏன் அது நடப்பதில்லை? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கினால் சரிவருமா? அம்மாவோ, "பொம்பிளைப் பிள்ளை பபூன் வேஷம் போடுறதோ?" என்கிறார்.

என் பெயரைப் போட வேண்டாம்.

* * *

அன்புள்ள தங்கச்சி,

அம்மாவிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் பேச்சாகச் சொன்னது சரியான சொல். இசைநாடகத்தில் அரிச்சந்திரனும் சந்திரமதியும் பாட்டுக்கும் கதைக்கும் கட்டுப்பட்டவர்கள். பபூனுக்கு அந்தக் கட்டு இல்லை. ராஜா உள்ளே உடுப்பு மாற்றும் நேரத்தில் வெளியே வந்து, அன்றைக்கு யார் வீட்டு ஆடு யார் தோட்டத்தில் மேய்ந்தது என்பதுவரை இழுத்துவிட்டுப் போவார். கூத்தில் கட்டியகாரனுக்கும் இந்தச் சலுகை உண்டு. இம்ப்ரோவ் என்பது அமெரிக்காவின் சிகாகோவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய சாமான் என்று நினைத்துக்கொண்டு கூச்சப்பட வேண்டியதில்லை.

சிகாகோக்காரர் செய்தது, அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு முறையை உண்டாக்கியது. வயோலா ஸ்போலின் என்ற பெண் 1930களின் கடைசியில் அங்கே ஓர் அரசாங்க வேலைத்திட்டத்தில் நாடகப் பயிற்சி கொடுத்தார். வெவ்வேறு நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், வீட்டுக்கு ஒரு பாஷை. அவர்களுக்கு வசனத்தைப் பாடமாக்கிக் கொடுத்துப் பயனில்லை. அதனால் எல்லாவற்றையும் விளையாட்டாக மாற்றினார். இல்லாத பந்தை எறிவது, இல்லாத கயிற்றை இரண்டு பக்கமும் நின்று இழுப்பது, கண்ணாடிபோல எதிரில் நிற்பவர் செய்வதையே செய்வது. அவருடைய மகன் போல் சில்ஸ் இன்னும் இருவரோடு சேர்ந்து 1959 டிசம்பரில் 'செகண்ட் சிட்டி' என்ற நகைச்சுவை அரங்கைத் தொடங்கினார். நீங்கள் 'அமெரிக்காவில் எல்லாரும்' என்று எழுதிய ஆட்களில் நிறையப் பேர் அந்த வாசலால் வந்தவர்கள்.

அங்கே முதல் பாடம், எதிரில் நிற்பவர் தருவதை ஏற்றுக்கொண்டு அதற்கு மேல் ஒன்றைச் சேர்ப்பது. எங்கள் பேச்சில் சொன்னால், "ஓம், அதோட...". சொல்லச் சுகம், செய்யக் கஷ்டம். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த காது எங்களுடையது. ஒருவர் சொன்னதை மற்றவர் வெட்ட வேண்டும், வெட்டினால் கைதட்டு. ஒருத்தி மேடைக்கு வந்து, "டொக்டர், மகன் மூண்டு நாளா மீன் மாதிரி நீந்துறான்" என்கிறாள். மற்றவர், "நான் டொக்டர் இல்லை, கண்டக்டர்" என்கிறார். சபை சிரிக்கும். ஆனால் அதோடு மகனும் போனான், மீனும் போனது, அடுத்த வரிக்கு இரண்டு பேரும் விழிப்பார்கள். அதே இடத்தில், "ஓம், அதோட செதிலும் வந்திட்டுது. இவனை நீங்கள் சந்தைப் பக்கம் கூட்டிக்கொண்டு போகேல்லைத்தானே?" என்றால் பத்து நிமிடம் தாராளமாக ஓடும்.

இதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதைத்தான் விடலாமா என்று கேட்கிறீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை ஓம் கேட்கிறீர்கள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பில் கட்டியாயிற்று என்று பொய் சொல்பவரின் ஓம். ஒன்றும் விளங்காமலே விளங்கியதாகச் சொல்லும் வயதானவரின் ஓம். போனை வைத்துத் தொலை என்று பொருள்படும் "ஓம் ஓம் ஓம்". இழுத்துச் சொன்னால் இல்லை என்றே அர்த்தமாகிற "ஓ...ம்". நடிகைக்கு வேண்டிய காதை மாதச் சம்பளம் தந்து தீட்டுகிறார்கள். வேலையை விட வேண்டாம். செகண்ட் சிட்டியிலிருந்து டிவிக்குப் போன நடிகர் ஸ்டீவ் கரெல் சிகாகோவுக்குப் போகுமுன் சில மாதங்கள் தபால்காரராக வேலை பார்த்தார். அதே வாசலால் வந்த நடிகை டினா ஃபே இம்ப்ரோவ் படித்த நாட்களில் ஒரு வை.எம்.சி.ஏ.யின் வரவேற்பு மேசையில் இருந்தார்.

இனி அந்த ஒடிஷன். கல்லாக நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். நான் நின்ற கதையைக் கேளுங்கள்.

பல வருடங்களுக்கு முன் ஒரு டிவி நகைச்சுவைத் தொடரில் எனக்கு மாமனார் வேஷம். மருமகள் சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டுத் தேத்தண்ணி கொண்டுவருகிறாள். ஸ்கிரிப்டில் எனக்கு ஒரே வரி, "சீ, உப்புக் கரிக்குது." நான் மேடைக்காரன் அல்லவா, சும்மா இருக்க முடியுமா? ஒரு வாய் குடித்தேன், கோப்பைக்குள் எட்டிப் பார்த்தேன், "ஆர் பிள்ளை இதுக்குள்ள அழுதது?" என்றேன். கமராக்காரரின் தோள் குலுங்கியது. ஒலிப்பதிவுத் தம்பி கையைக் கடித்துக்கொண்டு நின்றான். டைரக்டர் கட் சொல்லிவிட்டு, "அருமை, அதையே வைப்பம். இப்ப குளோசப். அப்படியே இன்னொருக்கால்" என்றார்.

அப்படியே என்றால் எப்படியே? கோப்பையை எந்தக் கையில் பிடித்திருந்தேன்? குடித்த பிறகு பார்த்தேனா, பார்த்த பிறகு குடித்தேனா? 'பிள்ளை' என்றபோது முகத்தைத் தூக்கினேனா? ஒன்றும் ஞாபகம் இல்லை. ஏழு டேக் போனது. ஏழாவதில் தேத்தண்ணி ஆறி ஆடை படிந்திருந்தது, ஒருவரும் சிரிக்கவில்லை, கோப்பை இடது கையில் இருந்தது. ஒளிபரப்பானபோது பார்த்தால், எனக்குப் பின்னாலிருந்து எடுத்த ஷொட், அதன் மேல் என் குரலில், "சீ, உப்புக் கரிக்குது." வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தேன்.

மேடையில் சிரிப்புத்தான் பிரேக்கும் அக்சிலேட்டரும். சபை சிரித்தால் நிற்கிறோம், சிரிப்பு அடங்கும்போது அடுத்த வரியை விடுகிறோம். செட்டில் இருபது பேர் நின்றாலும் மூச்சுவிடக்கூடாது, மைக் பிடித்துவிடும். சிரிப்பு எங்கே விழும் என்று நீங்களே கணக்குப் பார்த்து, அந்த மௌனத்தில் அளவாக நின்று, அதையே பத்து நிமிடம் கழித்து வேறொரு கோணத்துக்கு மறுபடி செய்ய வேண்டும். அந்த நாலு வரியில் உங்களுக்குத் தடக்கியது இதுவாகத்தான் இருக்கும். திறமை இல்லாமல் போனது என்று நான் நம்பவில்லை.

செகண்ட் சிட்டியில் இதற்கு வழி வைத்திருந்தார்கள். எழுதிய நிகழ்ச்சி முடிந்ததும் இரவில் இம்ப்ரோவ் செய்வார்கள். அதில் எடுபட்ட காட்சியை மற்ற நாளும் செய்து பார்ப்பார்கள், கொழுப்பை வெட்டுவார்கள், மறுபடி செய்வார்கள். சில மாதங்களில் அதுவே அடுத்த நிகழ்ச்சிக்கான ஸ்கிரிப்ட். ஆகவே அந்த மேடையில் டிக்கெட் வாங்கிப் பார்த்தவற்றில் பெரும்பகுதி இம்ப்ரோவில் முளைத்து, பிறகு எழுதிக் கட்டப்பட்டது. டிவிக்காரர் தேடி வந்ததும் அந்தக் கட்டுக்கோப்பைத்தான். டினா ஃபே 1997இல் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற டிவி நகைச்சுவை நிகழ்ச்சிக்கு எழுத்தாளராகப் போனவர். அவருக்குக் கமராவுக்கு முன்னால் நிலையான இடம் கிடைத்தது 2000இல். கரெல் செகண்ட் சிட்டி மேடையில் ஏறியது 1991, அவர் நடித்த 'த ஆபிஸ்' டிவி தொடர் வந்தது 2005. நடுவில் 1996இல் அவர் எழுதி நடித்த ஒரு டிவி நிகழ்ச்சி ஏழு பகுதி ஒளிபரப்பானதோடு படுத்துவிட்டது.

உங்களுக்கு ஆனது ஒன்றரை வருடம். அவசரம் தெரிகிறது, பிழையில்லை.

எனவே ஒரு கொப்பி வாங்குங்கள். சனிக்கிழமை முடிந்ததும், வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே, எந்த வரிக்குச் சிரித்தார்கள், அதற்கு முந்தின வரி எது, அப்போது யார் எங்கே நின்றார்கள் என்று எழுதிவிடுங்கள். படுத்து எழும்பினால் போய்விடும். அடுத்த சனிக்கிழமை ஒரு காட்சியை மட்டும் அப்படியே மறுபடி செய்து பாருங்கள். கூட்டாளிகள் கத்துவார்கள், இது இம்ப்ரோவே இல்லை என்பார்கள். கத்தட்டும்.

கொழும்பில் இதை ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறார்கள், அதுவும் வானொலியில். 'கோமாளிகள் கும்மாளம்' நிகழ்ச்சியை உங்கள் அம்மா கட்டாயம் கேள்விப்பட்டிருப்பார். எஸ். ராம்தாஸ் எழுதி மரிக்காராக வந்தார், முஸ்லிம் தமிழ். ரி. ராஜகோபால் அப்புக்குட்டி, யாழ்ப்பாணத் தமிழ். எஸ். செல்வசேகரன் உபாலி, சிங்களவர் பேசும் தமிழ். அப்துல் ஹமீத் ஐயர். நாலு தமிழும் ஒரு வீட்டுக்குள். மருதானையில் பஸ் ஏறி வெள்ளவத்தையில் இறங்குவதற்குள் காதில் விழுகிற கொழும்பு அதுதானே! திரும்பத் திரும்பக் கேட்டு அந்தப் பாத்திரங்கள் சனங்களுக்கு வீட்டு ஆட்களாகிவிட்டன. 1976இல் 'கோமாளிகள்' படமாக வந்தபோது யாரையும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. அதில் மூன்று பேர் அதற்குப் பிறகும் மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன்தான். பாத்திரம் ஏறி முதலெழுத்துக்கு முன்னால் குந்திவிட்டது. கே.எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைட்' தனிநடிப்பும் அப்படி. ஒரு தனி ஆள், ஒரு பஸ் கண்டக்டர், முழு பஸ்ஸும் கண்ணுக்குத் தெரியும்.

ஒடிஷனில் சென்னைத் தமிழில் பேசிக் காட்டினீர்களா? கடிதத்தில் இல்லை, ஆனாலும் கேட்கிறேன், இப்போது பலர் அப்படித்தான் செய்கிறார்கள். வேண்டாம். அந்தத் தமிழைச் சென்னையில் உங்களைவிட நன்றாகப் பேச லட்சம் பேர் இருக்கிறார்கள். இன்னொரு சமூகத்தின் பேச்சை எடுத்தால் மட்டும் கொஞ்சம் கவனம். மலையகத் தோட்டத்துத் தமிழ் பேசும் ஆளைக் கொண்டுவந்து, அந்த உச்சரிப்புக்காகவே சிரிப்புக் கேட்பது மலிவான வேலை. அவர் தன் முதலாளியைச் சுற்றிவிடுவதைக் காட்டினால் அவருடைய ஆட்களும் சிரிப்பார்கள்.

சனல்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சக்தி, வசந்தம், நேத்ரா என்று இருக்கின்றன. நாட்டில் தமிழ் பேசுவோர் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. சொந்தமாக ஒரு தொடர் எடுப்பதைவிட இந்தியத் தொடரை வாங்கிப் போடுவது மலிவு. ஆகவே 'நடிக்க வாய்ப்புத் தாருங்கள்' என்று போய் நிற்காதீர்கள். மூன்று நிமிடக் காட்சிகள் ஆறு, போனில் எடுத்தால் போதும், எல்லாவற்றிலும் அதே ஒரு பாத்திரம். பில் கட்டாதவர்களோடு நாள் முழுக்கப் போனில் மல்லுக்கட்டும் ஒருத்தி என்றால் எனக்குப் பார்க்க ஆசை. கம்பெனியின் பெயரும் வாடிக்கையாளரின் பெயரும் வரக்கூடாது, வேலை போய்விடும்.

அடுத்த நிகழ்ச்சிக்கு நேரத்தை எழுதுங்கள், வருகிறேன், பின்வரிசையில் ஓர் இடம் போதும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சபையிடம் சொல் கேட்கும்போது அவர் பக்கம் மட்டும் திரும்ப வேண்டாம், என்ன சொல்லுவார் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.