கைக்கும் வாய்க்குமான கணக்கு: வாசகர் கேள்வி–பதில்

சம்பளம் நின்ற இடத்தில் நிற்கிறது, செலவு மட்டும் மாடிப்படி ஏறுகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதையே சுற்றி வருகின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டோம். காபியைக் குறையுங்கள், ஹோட்டலை நிறுத்துங்கள் என்ற அறிவுரை இங்கே கிடைக்காது. அதையெல்லாம் நீங்களே செய்து முடித்திருப்பீர்கள்.

விலைவாசி குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். எங்கள் மாதச் செலவில் ஒரு பைசாகூடக் குறையவில்லையே?
*வாசகி, அம்பத்தூர்*

குறைந்தது விலை அல்ல, விலை ஏறும் வேகம். 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று அறிவித்தார்கள். முந்தைய ஆண்டு அதே மாதத்தோடு ஒப்பிட்டால் எல்லாப் பொருள்களையும் சேர்த்துப் பார்த்த விலை ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது என்பதுதான் அதன் பொருள். ஐந்தாறு ஆண்டுகளாக ஏறிய விலை இறங்கிவிட்டதாக அர்த்தமில்லை. அந்த மாதம் எண் அவ்வளவு தாழ்ந்ததற்குக் காய்கறியும் பருப்பும் முக்கியக் காரணம். முந்தைய ஆண்டு அவை எகிறியிருந்ததால், சாதாரண விலைக்குத் திரும்பியதே பெரிய வீழ்ச்சியாகத் தெரிந்தது.

இன்னொரு காரணம், பணவீக்கத்தைக் கணக்கிட அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் பொருள்களின் கூடை உங்கள் கூடை இல்லை. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட அந்த வரிசையில் உணவு, பானங்களுக்கு 45.86 சதவீதம் எடை. வீட்டு வாடகைக்கு நாடு முழுமைக்குமாக 10.07 மட்டுமே. அம்பத்தூரில் வாடகைக்குக் குடியிருப்பவர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை முதல் தேதியே வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுகிறார். வாடகை 10 சதவீதம் ஏறினால் அரசாங்கத்தின் எண் லேசாக அசையும். உங்கள் வீடு ஆட்டம் காணும்.

உங்கள் வீட்டுக்கான பணவீக்கத்தை அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம். மொத்தச் செலவில் ஒவ்வொன்றின் பங்கையும், போன ஆண்டைவிட அது ஏறிய சதவீதத்தையும் பெருக்கிக் கூட்டுங்கள். ஓர் உதாரணம்: வாடகை 30 சதவீதப் பங்கு, 10 சதவீத ஏற்றம் – 3 புள்ளி. உணவு 35 பங்கு, ஏற்றம் 1 – 0.35. பள்ளிக் கட்டணம் 12 பங்கு, ஏற்றம் 12 – 1.44. போக்குவரத்து, கேஸ் 10 பங்கு, ஏற்றம் 2 – 0.2. மீதி 13 பங்கு, ஏற்றம் 4 – 0.52. கூட்டினால் 5.51. காய்கறி மலிந்த ஆண்டிலும் இந்த வீட்டுக்கு ஐந்தரை சதவீதம். பலரும் செய்யும் தவறு, பள்ளிக் கட்டணத்தைக் கட்டிய மாதத்தில் மட்டும் எழுதிவிட்டு மற்ற பதினொரு மாதமும் மறந்துவிடுவது. ஆண்டுத் தொகையை 12-ஆல் வகுத்து எழுதுங்கள்.

நாடு ஆண்டுக்கு 6, 7 சதவீதம் வளர்கிறதாம். எனக்கும் இன்கிரிமென்ட் வருகிறது. ஆனால் வாழ்க்கை நகரவே இல்லை. 2016-ல் 18,000 வாங்கினேன், 2025-ல் 26,000.
*வாசகர், கிண்டி*

பணவீக்கத்தைச் சராசரியாக ஆண்டுக்கு 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 2016-ன் 18,000 ரூபாய் வாங்கிய அதே பொருள்களை ஒன்பது ஆண்டு கழித்து வாங்க ஏறக்குறைய 27,900 வேண்டும். நீங்கள் வாங்குவது 26,000. எண்ணில் 44 சதவீத உயர்வு, வாங்கும் பொருளில் 7 சதவீத இறக்கம். சம்பளம் உறைந்துபோவது இப்படித்தான் நடக்கும், யாரும் குறைக்காமலேயே.

நாட்டின் வளர்ச்சி விகிதம் என்பது மொத்த உற்பத்தியின் கணக்கு. அது லாபமாகப் போனதா, கூலியாகப் போனதா என்று அந்த எண் சொல்லாது. குடும்பங்களின் நிலையைப் பார்க்க வேறு எண் இருக்கிறது. கடன் போக வீடுகளின் நிதிச் சேமிப்பு 2020-21-ல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்தது. கொரோனா முடக்கத்தில் செலவழிக்க வழியில்லாத ஆண்டு அது. 2022-23-ல் 5 சதவீதத்தையொட்டி விழுந்தது. பல பத்தாண்டுகளில் காணாத அளவு.

சம்பளச் சீட்டில் ஒன்றைப் பாருங்கள். மொத்தச் சம்பளத் தொகுப்பு என்று கம்பெனி காட்டும் எண்ணுக்குள் முதலாளி கட்டும் பி.எஃப். பங்கும் கிராஜுவிட்டியும் சேர்ந்திருக்கும். 'எட்டு சதவீத உயர்வு' அந்த மொத்தத்தின் மேல் அறிவிக்கப்பட்டு, கைக்கு வருவது நான்காக இருப்பது சகஜம். பேரம் பேசுவதானால் கைக்கு வரும் தொகையை வைத்தே பேசுங்கள்.

ஒரு முறை 1,700 சொச்சம் வந்த கரன்ட் பில், அடுத்த முறை 2,400-ஐத் தாண்டிவிட்டது. ஏ.சி. கிடையாது, மூன்று ஃபேனும் ஃபிரிட்ஜும்தான். மீட்டர் கோளாறா?
*வாசகி, கொளத்தூர்*

மீட்டரைச் சந்தேகிக்கும் முன் யூனிட்டைப் பாருங்கள், 500-ஐத் தாண்டியிருக்கும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஒரு கணக்கு, தாண்டினால் முழுக்க வேறு கணக்கு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்தே போட்டுக் காட்டுகிறோம். 2024 ஜூலையில் விகிதங்கள் கொஞ்சம் ஏறின. உங்கள் பில் தேதிக்கு உரிய விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

500 யூனிட்: முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு 2.25 வீதம் 225 ரூபாய், அடுத்த 200-க்கு 4.50 வீதம் 900, கடைசி 100-க்கு 6 வீதம் 600. மொத்தம் 1,725. இப்போது 510 யூனிட் ஓடியதாக வையுங்கள். 2.25 என்ற சலுகைப் படி மறைந்துவிடும். 101 முதல் 400 வரை முழுக்க 4.50, ஆக 1,350. அதன்மேல் 600. கடைசிப் 10 யூனிட்டுக்கு 8 வீதம் 80. மொத்தம் 2,030. பத்தே யூனிட், 305 ரூபாய். யூனிட்டுக்கு 30 ரூபாய் கொடுத்து ஃபேன் ஓட்டியிருக்கிறீர்கள்! 560 யூனிட் என்றால் 2,430. உங்கள் பில் அந்த இடத்தில்தான் நிற்கிறது.

ரீடிங் தேதியையும் பாருங்கள். கணக்கெடுப்பவர் ஒரு வாரம் தாமதமாக வந்தால் 67 நாள் ஓட்டம் ஒரே பில்லில் விழும். நாளுக்கு 8 யூனிட் ஓடும் வீட்டில் 60 நாளுக்கு 480, 67 நாளுக்கு 536. தாமதம் அவர்களுடையது, படி தாண்டிய தண்டம் உங்களுடையது. வெள்ளை அட்டையில் தேதியும் ரீடிங்கும் எழுதச் சொல்லுங்கள். நீங்களும் அன்றைய ரீடிங்கைப் படம் பிடித்து வையுங்கள். இடைவெளி அதிகமாக இருந்தால் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுக்க அதுதான் ஆதாரம்.

குறைப்பதற்கு வழி ஃபேனில் இருக்கிறது. பழைய ஃபேன் 75 வாட். மூன்று ஃபேன் நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 202 யூனிட். மின்சாரம் குறைவாக இழுக்கும் புது வகையான 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் 81. மிச்சம் 121. அதாவது 560 என்பது 439-ஆக இறங்கும். மேலே சொன்ன விகிதத்தில் பில் 1,359, ஒரு பில்லுக்கே ஆயிரத்துக்கு மேல் மிச்சம். ஃபேன் ஒன்று 3,000 என்றாலும் ஒன்றரை ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும். மூன்றையும் ஒரேயடியாக மாற்றக் கையில் காசில்லை என்றால் இரவு முழுக்க ஓடும் படுக்கையறை ஃபேனை முதலில் மாற்றுங்கள். பழைய ரெகுலேட்டரோடு இணைத்தால் இந்த ஃபேனின் மின்னணுப் பலகை கெட்டுப்போகலாம். எலக்ட்ரீஷியனிடம் ரெகுலேட்டரைக் கழற்றி நேரடி இணைப்பு தரச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜ் கதவின் ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பரை மாற்றும் நேரம்.

ஸ்கூல் ஃபீஸுக்கு ஒரு லட்சம் வேண்டும். ஃபைனான்ஸில் '12 பர்சென்ட்தான்' என்கிறார்கள். தெருவில் தண்டல்காரரும் இருக்கிறார். வீட்டில் 3 பவுன் சங்கிலி இருக்கிறது, அடகு வைக்க மனசில்லை.
*பெயர் வேண்டாம் என்ற வாசகர், பெரம்பூர்*

'12 பர்சென்ட்' என்றதும் கேட்க வேண்டியது ஒன்றே: ஃபிளாட்டா, குறையும் அசலுக்கா? ஃபிளாட் என்றால் மாதாமாதம் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும் கடைசி மாதம் வரை முழு ஒரு லட்சத்துக்கே வட்டி. 12 மாதத் தவணை 9,333, வட்டி 12,000. அதே 12 சதவீதம் குறையும் அசலுக்கு என்றால் தவணை 8,885, வட்டி 6,619. ஃபிளாட் 12 என்பது உண்மையில் இருபத்தொன்றரை சதவீதம். செயலாக்கக் கட்டணம் 2 சதவீதமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் பிடித்துக்கொண்டு 97,640 மட்டும் கொடுத்தால் 26 சதவீதம். 2024 அக்டோபர் முதல் வங்கியோ ரிசர்வ் வங்கியின் கீழ் வரும் நிதி நிறுவனமோ தனிநபர்களுக்கான சில்லறைக் கடன் கொடுக்கும்போது, எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தை 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' என்ற தாளில், உங்களுக்குப் புரியும் மொழியில் தந்தாக வேண்டும். கையெழுத்துக்கு முன் அதைக் கேளுங்கள். தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

தண்டல் கணக்கு இன்னும் மோசம். 10,000 எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூல் என்று வைத்துக்கொள்வோம். 'ஆயிரத்து ஐந்நூறுதானே' என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போகிறது. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 120 சதவீதம். நாள் வட்டி, மணி நேர வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி எல்லாவற்றையும் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் (அதீத வட்டி வசூல் தடைச் சட்டம்) வந்துவிட்டது. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லியே புகார் எழுதுங்கள்.

சங்கிலி விஷயத்தில் மனசைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். வங்கி நகைக்கடன்தான் இந்த மூன்றில் மலிவு. 10 சதவீதம் என்றால் லட்சத்துக்கு மாத வட்டி 833. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1-க்குள் அமலுக்கு வரச் சொன்ன விதிகளின்படி இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். தரலாம் என்பதற்காக முழுதும் வாங்கிவிடாதீர்கள். நகை மூழ்குவது பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு வருடம் கழித்து மொத்தமாகக் கட்டும் திட்டத்தில் வட்டியையும் சேர்த்தே அந்த 85-ஐக் கணக்கிடுவார்கள். புதுப்பிக்க வேண்டுமானால் சேர்ந்த வட்டியை முதலில் கட்டியாக வேண்டும். அதனால் வட்டியை மாதாமாதம் கட்டிவிடுங்கள். கையில் காசு சேரும்போது அசலிலும் கட்டிக் குறைத்து வாருங்கள். எடை, கல் கழிவு, தரம் மூன்றும் சீட்டில் எழுதியிருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். கடனை முழுதாக அடைத்த பின் ஏழு வேலை நாளுக்குள் நகை கைக்கு வர வேண்டும். தவறு அவர்களுடையது என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு.

வாடகை 15,000, அட்வான்ஸ் பத்து மாதம் என்கிறார் ஒரு வீட்டுக்காரர். பக்கத்துத் தெருவில் 15,700, அட்வான்ஸ் மூன்று மாதம். எது லாபம்?
*வாசகர், பல்லாவரம்*

அட்வான்ஸுக்கும் வாடகை உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். உங்கள் பணம் வங்கியில் 7 சதவீத வைப்பில் இருந்தது என்றால் முதல் வீட்டின் ஒன்றரை லட்சத்துக்கு மாதம் 875 ரூபாய் வட்டி போகிறது. உண்மை வாடகை 15,875. இரண்டாவது வீடு 47,100-க்கு 275 சேர்த்து 15,975. ஏறக்குறைய சமம். அட்வான்ஸையே 18 சதவீதக் கடனில் திரட்டுகிறீர்கள் என்றால் கதை மாறும். முதல் வீடு 17,250, இரண்டாவது 16,406.

2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. அந்த 'ஒழிய' என்ற சொல்லில்தான் சென்னை முழுக்கக் குடியிருக்கிறது. பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டால் அது செல்லும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவாகட்டும். பெயின்டுக்கு எவ்வளவு பிடிப்பார், ஆண்டு உயர்வு எத்தனை சதவீதம், கரன்டுக்குத் தனி மீட்டரா என்ற மூன்றும் அதில் வர வேண்டும். 15,000 வாடகை ஆண்டுக்கு 10 வீதம் மூன்று முறை ஏறினால் 19,965. 5 வீதம் என்றால் 17,364. தனி மீட்டர் இல்லாமல் வீட்டுக்காரர் இணைப்பிலிருந்து சப்-மீட்டர் என்றால் உங்களுக்கென்று 100 இலவச யூனிட் கிடையாது. அதை வாடகையில் குறைத்துக் கேளுங்கள்.

பத்து ரூபாய் பிஸ்கட் பத்து ரூபாயாகவே இருக்கிறது, ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.
*வாசகி, மயிலாப்பூர்*

எடையைக் குறைத்திருப்பார்கள். இத்தனை கிராம் பாக்கெட்டில்தான் விற்க வேண்டும் என்ற பழைய பட்டியலை 2021 திருத்தத்தில் நீக்கிவிட்டார்கள். பதிலுக்கு, ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கு என்ன விலை என்று அச்சிடச் சொன்னார்கள். எம்.ஆர்.பி. பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும். ஆயிரத்தால் பெருக்கினால் கிலோ விலை. 'ஃபேமிலி பேக்' எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையையும் அதை வைத்துச் சரிபாருங்கள், சில சமயம் பொய்த்துப்போகும்.

ரேஷனில் பருப்பும் பாமாயிலும் 'இன்னும் வரவில்லை' என்றே மாதக் கடைசி வரை சொல்கிறார்கள்.
*வாசகி, வியாசர்பாடி*

கிலோ 30 ரூபாய் துவரம்பருப்பும் லிட்டர் 25 ரூபாய் பாமாயிலும் கிடைத்தால் வெளிக்கடை விலையோடு ஒப்பிட மாதம் 150 ரூபாய்க்குக் குறையாமல் மிச்சம். விட்டுவிடாதீர்கள். வாங்காத பொருளுக்கு பில் போட்டதாக செல்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தால் அதை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1967 என்ற ரேஷன் புகார் எண்ணுக்கு அழையுங்கள். அட்டை எண்ணும் கடை எண்ணும் கேட்பார்கள். கடை எண் அட்டையிலேயே இருக்கும்.