திண்ணையில் மல்லாட்டை, வீட்டுக்குள் இடுக்கி வால் பூச்சி

கேள்வி: ஆடிப்பட்ட மானாவாரி மல்லாட்டையை (நிலக்கடலையை) பிடுங்கி, மழைக்குப் பயந்து காயை ஆய்ந்து திண்ணையில் கொட்டி வைத்திருக்கிறோம். ஒரு வாரமாக ராத்திரியானால் வாலில் இடுக்கி உள்ள கருப்புப் பூச்சி வீட்டுக்குள் ஓடுகிறது. காதுக்குள் புகுந்து மூளைக்குப் போய்விடும் என்று அம்மா பயப்படுகிறார். பிள்ளைகள் பாயில் படுக்க மாட்டேன் என்கிறார்கள். பிடுங்கியபோது சில காய்களில் ஓட்டையும் இருந்தது. போனில் எடுத்த படத்தை அனுப்பியுள்ளேன். இது என்ன பூச்சி ஐயா? வயலுக்கு வாங்கிய மருந்து பாக்கி இருக்கிறது, வீட்டுக்குள் அடிக்கலாமா?
— விவசாயி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: மருந்தை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். பயிருக்கு அடிக்கும் மருந்து, ஆட்கள் படுத்துத் தூங்கும் அறைக்கும் சாப்பிடப்போகும் கடலைக் குவியலுக்கும் ஆகாது.

நீங்கள் அனுப்பிய படத்தில் சிமெண்டுத் தரையும் நடுவில் ஒரு கருப்புக் கீற்றும்தான் தெரிகின்றன. ஆனால் வாலில் இடுக்கி என்று எழுதியிருக்கிறீர்கள், அது போதும். ஆங்கிலத்தில் இயர்விக் எனப்படும் பூச்சி இது. அந்தப் பெயரைக் 'காதுப்பூச்சி' என்று அப்படியே தமிழாக்கியதில், அங்கிருந்த பயமும் கூடவே வந்துவிட்டது. இதற்கு விஷம் கிடையாது, கொடுக்கும் கிடையாது. கையில் பிடித்தால் இடுக்கியால் லேசாகக் கிள்ளும், அவ்வளவுதான்.

காதில் பூச்சி புகுவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்படிப் புகுவதில் கரப்பான்தான் முதலில் நிற்கும். எது புகுந்தாலும் செவிப்பறையைத் தாண்டி மூளைக்குப் போக வழி இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். புகுந்துவிட்டால் அந்தக் காது மேலே இருக்கும்படி படுக்க வைத்து, சில சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, டாக்டரிடம் கூட்டிப் போங்கள். காதில் சீழ் வடிபவர்களுக்கும் செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களுக்கும் எண்ணெய் விடக் கூடாது. ஊக்கு, குச்சி எதையும் உள்ளே விட வேண்டாம்.

இருந்தாலும் இன்னொரு படம் தெளிவாக எடுத்து அனுப்புங்கள். அப்படிக் கேட்பதற்குக் காரணம் வேறு. இதே மழைக்காலத்தில், இதே விளக்கு வெளிச்சத்துக்கு, பேடரஸ் என்ற சின்ன வண்டும் வரும். அதற்கும் இறக்கை மூடி குட்டையாகவே இருக்கும், முதுகின் பின்பாதி திறந்து கிடக்கும். அவசரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பேடரஸ் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும், உடலில் ஆரஞ்சும் கருப்பும் மாறி மாறி வரும், வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும், இடுக்கி இருக்காது. அதைத் தோல்மேல் நசுக்கினால் அதன் உடல்நீர் பட்ட இடம் ஓரிரு நாளில் எரிந்து சிவந்து கொப்பளிக்கும். கழுத்தில் ஏதாவது ஊர்ந்தால் தட்டி நசுக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். நெல் வயலில் தத்துப்பூச்சியைத் தின்னும் நல்ல வண்டுதான் அது, வீட்டில் மட்டும்தான் தொல்லை.

இனி படம் எடுக்கும் முறை. பலர் செருப்பால் அடித்த பிறகுதான் போனை எடுக்கிறார்கள். அதில் வால் நசுங்கிப் போகிறது. எங்களுக்கு வேண்டியதே அந்த வால்தான். ராத்திரி பூச்சியின்மேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி எடுத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். காலையில் டப்பாவை ஃபிரிட்ஜில் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்தால் (வீட்டில் சம்மதித்தால்) பூச்சி மந்தமாகிவிடும், சாகாது. ஃபிரிட்ஜ் வேண்டாம் என்றால் டப்பாவில் மடித்த அட்டைத் துண்டு ஒன்றைப் போடுங்கள். உடம்பு இரண்டு பக்கமும் எதையாவது உரசிக்கொண்டிருந்தால்தான் இந்தப் பூச்சிக்கு நிம்மதி; மடிப்புக்குள் போய் அசையாமல் இருக்கும். மெதுவாக விரித்ததும் சில விநாடி கிடைக்கும்.

பகலில், திண்ணை நிழலில் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பளபளக்கும் கருப்பு உடம்பில் அது வெள்ளைத் திட்டாக விழுந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். வெள்ளைத் தாளும் வேண்டாம். தாளின் வெளிச்சத்துக்கு ஏற்பப் போன் படத்தை இருட்டாக்கும், பூச்சி வெறும் நிழலாக நிற்கும். அட்டைப்பெட்டியின் பழுப்பு உட்புறம் நல்லது. போனை மூக்குமேல் வைப்பதுபோல் நெருக்காமல் ஒரு சாண் தள்ளி, இரண்டு மடங்கு பெரிதாக்கி, பூச்சியின்மேல் விரலால் தொட்டு ஃபோகஸ் செய்து எடுங்கள். அளவுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வையுங்கள். ஒரு ரூபாய் நாணயம் இரண்டு மூன்று அளவுகளில் புழங்குவதால் அதை நம்ப முடியாது. மேலிருந்து முழு உடம்பு, வால் மட்டும், கால்கள், ஓட்டை விழுந்த காய் என்று நான்கு படம் போதும். வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் நுணுக்கம் போய்விடும்.

இறக்கையே இல்லாமல், வெளிர் கால்களில் கருப்பு வளையம் தெரிந்தால் அது இயர்விக்குகளில் யூபொரெல்லியா என்ற வகை. அதில் பெண்ணின் இடுக்கி நேராக இருக்கும். ஆணுக்கு இடுக்கியின் வலப்பக்கக் கிளை கூடுதலாக வளைந்திருக்கும்.

காய் ஓட்டைக்கு வருவோம். இந்தக் குடும்பத்துப் பூச்சிகள் மண்ணில் புழு, முட்டை, சிறு பூச்சிகளைத் தின்று நமக்கு வேலை செய்பவை. ஆனால் கடலை வயலில் பிஞ்சுக் காயைத் துளைத்துப் பருப்பையும் தின்னும். ஓட்டை மணல், எச்சம், கறுத்த சதை ஆகியவற்றால் அடைபட்டிருந்தால் இதன் வேலை என்று சந்தேகப்படலாம். ஓட்டின் மேல்தோல் சுரண்டப்பட்டு நரம்பு மட்டும் மிஞ்சியிருந்தால் அது கரையான். குவியலில் ஐந்து இடத்தில் கைவிட்டு நூறு காய் எடுத்து எண்ணுங்கள். இரண்டு மூன்று ஓட்டைக் காய்க்கு மருந்துச் செலவு வீண். பத்துக்கு மேல் போனால், நிலத்தை ஆழ உழுது, மண்ணில் தங்கிய காய்களைப் பொறுக்கி, அடுத்த போகம் கடலைக்குக் கடலை வைக்காமல் கேழ்வரகோ நெல்லோ வையுங்கள். மறுபடி கடலை விதைக்கும் முன் வட்டார வேளாண் அலுவலரிடம் அந்தக் காய்களைக் காட்டுங்கள்.

வீட்டுக்குள் வருபவை பெரும்பாலும் உங்கள் குவியலிலிருந்துதான் வருகின்றன. ஈரம் இல்லாமல் இவற்றால் பிழைக்க முடியாது. பூச்சியைவிட எனக்குக் கவலை அந்த ஈரம்தான்: ஈரக் காயைக் குவித்து வைத்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் நஞ்சு ஏறும். வெயில் தலைகாட்டும்போதெல்லாம் தார்ப்பாயில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, கிளறிக் காயவையுங்கள். காயைக் குலுக்கினால் பருப்பு கலகலக்க வேண்டும், ஈரப்பதம் எட்டு, ஒன்பது சதவீதத்துக்கு இறங்க வேண்டும். குவியலைச் சுவரோரம் சேர்க்காமல் ஒரு முழம் தள்ளிப் போடுங்கள்.

ராத்திரி திண்ணை விளக்கை அணைத்து, கதவின் அடி இடுக்கில் துணியைச் சுருட்டி வையுங்கள். சுவரோரமாக நனைத்துப் பிழிந்த சாக்குத் துண்டுகளைப் போட்டால் விடிவதற்குள் பூச்சிகள் அதனடியில் சேர்ந்துவிடும். காலையில் எடுத்துப் போய்க் காய்கறிப் பாத்தியில் உதறுங்கள். எடுக்கும்போது அடியில் வெள்ளை முட்டைகளைக் குவித்து வைத்து, ஒவ்வொன்றாக வாயால் நக்கிப் புரட்டிக்கொண்டிருக்கும் ஒரு தாய் தென்படலாம். முட்டையில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க அப்படிச் செய்யும், ஆள் வந்தாலும் லேசில் ஓடாது. அதைப் படம் எடுக்க ஃபிரிட்ஜ் தேவைப்படாது. பிள்ளைகளிடமே போனைக் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள்.