இரத்தம் ‘ஆம்’ என்கிறது, பயாப்சி ‘இல்லை’ என்கிறது: சீலியாக் நோயா?

எடை குறைந்திருக்கும் உங்கள் மகளுக்கு இரத்தச் சோதனையும் பயாப்சியும் வெவ்வேறு முடிவைச் சொல்கின்றனவே, இது சீலியாக் நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். கோதுமை போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தால், உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலைத் தாக்கும் நோய்தான் சீலியாக். இரத்தத்தில் இந்நோயைக் காட்டும் டி.டி.ஜி. எதிர்ப்பொருள் உயர்ந்திருந்து, பயாப்சி (குடலின் சிறு துண்டை எடுத்துச் சோதிப்பது) மட்டும் இயல்பாக வந்திருப்பதால், சீலியாக் நோய் இல்லையென்று முடிவாகிவிடாது. நோய் இன்னும் குடலைத் தாக்காத நிலையில் இருக்கலாம், அல்லது பாதிப்பு பயாப்சியில் அகப்படாமல் போயிருக்கலாம்.

நீங்கள் எழுதியதில் என்னை உறுத்துவது, இரத்த முடிவு வந்தவுடன், பயாப்சி எடுத்த எண்டோஸ்கோபிக்கு (குழாய் செலுத்திக் குடலைப் பார்க்கும் சோதனைக்கு) இரண்டு மாதம் முன்பே, கோதுமையில் செய்யும் ரொட்டி சானாயையும் மீ நூடுல்ஸையும் நிறுத்திவிட்டீர்கள் என்பதுதான். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் நம் வீட்டுச் சாப்பாடு பெரும்பாலும் சோறும் தோசையுமாக இருப்பதால், அவ்விரண்டையும் விட்டாலே குளூட்டன் ஏறக்குறைய நின்று, குடற்சுவர் ஆறத் தொடங்கிவிடும். முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

பயாப்சி அறிக்கையைக் கேட்டு வாங்கி, எத்தனை துண்டுகள் எடுத்தார்கள் என்று பாருங்கள். பாதிப்பு திட்டுத்திட்டாக இருக்கக்கூடும் என்பதால், சிறுகுடலின் தொடக்கக் குமிழிலிருந்து 1 அல்லது 2 துண்டுகளும், அதற்கு அப்பால் குறைந்தது 4 துண்டுகளும் எடுப்பதே முறை. இ.எம்.ஏ. என்னும் இன்னொரு எதிர்ப்பொருள் சோதனை பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். மரபணுச் சோதனையில் டி.கியூ.2, டி.கியூ.8 என்னும் மரபணு வகைகள் இரண்டுமே இல்லையென்றால் இந்நோய்க்கு வாய்ப்பு மிக அரிது; இருந்தால் மட்டும் நோய் உறுதியாகாது.

குளூட்டன் சாப்பிடாமல் சோதித்தால் பாதிப்பு தெரியாமல் போகலாம் என்பதால், மறுபரிசோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம் தினமும் கோதுமை உணவு சாப்பிட வேண்டியிருக்கும். எடை குறைந்திருக்கும் பிள்ளைக்கு இதை நீங்களாகத் தொடங்காதீர்கள். குழந்தைகளுக்கான குடல்நோய் நிபுணரின் மேற்பார்வையில் மட்டுமே செய்யுங்கள்.