நாளைக்குக் கால் டைம் 6.30, அம்மாவை யார் பார்ப்பது?

வாசகர் கேள்வி - பதில்

சிங்கப்பூரில் திரைத்துறையிலும் தொலைக்காட்சியிலும் வேலை பார்த்தபடி வீட்டில் ஒருவரைப் பராமரிக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம்.

கேள்வி: தமிழ் நாடகத் தொடர்களில் ஃப்ரீலான்ஸாகக் கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் உடை, பொருள் மாறாமல் கவனிக்கும் வேலை) பார்க்கிறேன். அம்மாவுக்கு டிமென்ஷியா. மறுநாள் யார் எங்கே, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்ற கால் ஷீட் இரவு 9 மணிக்கு மேல்தான் வாட்ஸ்அப்பில் வருகிறது. வீட்டு நிலைமையைச் சொன்னால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது.
- ஈசூன் வாசகி

பதில்: உங்கள் பயம் நியாயமானது. அதனால்தான் எப்போது சொல்கிறீர்கள் என்பது முக்கியம். தேதி பேசும்போதே, கையெழுத்துப் போடும் முன்பே சொல்லிவிடுங்கள். படப்பிடிப்பு நடுவில் சொன்னால் யூனிட்டே தடுமாறும். முன்பே சொன்னால் உதவி இயக்குநர் ஷெட்யூலில் சேர்த்துக்கொள்ளும் இன்னொரு குறிப்பு, அவ்வளவுதான். அம்மாவின் நோய் விவரத்தை விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டியதை மணிக்கணக்கில் எழுதுங்கள்: "கால் ஷீட் முந்தின நாள் மாலை 5 மணிக்குள். காலை 8.30க்கு முன் கால் டைம் (செட்டுக்கு வர வேண்டிய நேரம்) என்றால் 3 நாள் முன்னறிவிப்பு. பேக்கப் (அன்றைய படப்பிடிப்பு முடிவது) மாலை 6 மணியைத் தாண்டுமானால் மதியம் 2 மணிக்குள் தகவல்."

இந்த நேரங்களுக்குக் காரணம் உண்டு. பல மூத்தோர் பராமரிப்பு நிலையங்கள் மாலை 7 மணிக்குள் மூடிவிடும். லிம் சூ காங்கில் வெளிப்புறக் காட்சி, கால் டைம் 6.30 என்றால், நிலையத்தின் வேன் வருவதற்குள் நீங்கள் கிளம்பியிருப்பீர்கள். டிமென்ஷியா உள்ள பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில்தான் பதற்றமும் குழப்பமும் கூடும். "இன்னும் ஒரே ஒரு ஷாட்" என்று யூனிட் இழுப்பதும் அதே நேரத்தில்தான்.

அடுத்தது ஃபோன். டேக் ஓடும்போது எல்லார் ஃபோனும் அணைந்திருக்கும். வீட்டிலிருந்து 4 முறை அழைத்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. செட்டுக்கு வெளியே இருக்கும் தயாரிப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரின் எண்ணை வீட்டுக்குக் கொடுங்கள். அவரிடமும் முன்கூட்டியே சொல்லி, "கட்" ஆனதும் உங்களிடம் தகவல் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

திடீரென்று கிளம்ப நேர்ந்தால் மாற்றாள் யார் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், அவருக்கு யார் சம்பளம் தருவது என்பதோடு. உங்கள் வேலையில் கெட்டுப்போவது பெரும்பாலும் கைமாற்றும் இடத்தில்தான். நடிகர் எந்தக் கையில் டம்ளரைப் பிடித்திருந்தார், பொட்டு எங்கே இருந்தது என்ற படங்களெல்லாம் கிளம்பிப்போனவரின் ஃபோனில் தங்கிவிடும். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் படங்களைக் காட்சி எண், டேக் எண்ணோடு பொது ஃபோல்டரில் ஏற்றிவிட்டால் வருபவர் பத்தே நிமிடத்தில் வேலையைப் பிடித்துக்கொள்வார்.

வீட்டில் பணிப்பெண் இருந்தால், அவரது வாராந்தர ஓய்வுநாள் ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இருவரும் பேசி வேறு நாளை முடிவு செய்யலாம். ஆனால் 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு ஓய்வுநாளையாவது பணம் கொடுத்து ஈடுசெய்ய முடியாது. அந்த நாளை முதலில் குறித்துவிட்டுப் படப்பிடிப்புத் தேதி கொடுங்கள். வாரக்கடைசிக்கும் இரவுக்கும் தற்காலிகப் பராமரிப்புச் சேவைகள் உண்டு. ஏஐசி எனப்படும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800 650 6060 என்ற எண்ணில் கேளுங்கள். மதிப்பீடும் பதிவும் முடிய நாளாகும் என்பதால், வேலை இல்லாத வாரத்திலேயே இதைத் தொடங்கிவிடுங்கள்.

சம்பளம் இழுத்தடிக்கப்பட்டால் சுயதொழில் செய்பவர்களும் டாட்எம் எனப்படும் முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) சமரச அமைப்பை நாடலாம். சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரையிலான வழக்குகளை ஏற்கும். இரண்டிலும் எழுத்தில் உள்ள ஒப்பந்தமே கைகொடுக்கும், வாட்ஸ்அப் ஒப்புதலாக இருந்தாலும் அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: தயாரிப்பு நிறுவனம் ஒன்றில் நிரந்தர எடிட்டர். அப்பாவுக்காக வாரம் 2 நாள் வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்கலாமா? பெற்றோரைப் பார்க்கச் சட்டப்படி விடுப்பு உண்டா?
- செங்காங் வாசகர்

பதில்: பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு சட்டத்தில் உண்டு. பெற்றோருக்கென்று தனியார் துறையில் அப்படி ஒன்று இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் ஊழியர்கள் ஆண்டுக்கு ஒரு வாரம் சம்பளமில்லாப் பராமரிப்பு விடுப்பு எடுக்கலாம். இங்கேயும் வர வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டைத் தாராளமாகக் கேட்கலாம். 1.12.2024 முதல் நடப்பிலுள்ள முத்தரப்பு வழிகாட்டிகளின்படி, தகுதிகாண் காலம் முடித்த ஊழியர் எழுத்தில் கேட்டால் முதலாளி 2 மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் தேதி, எந்த வகை ஏற்பாடு, வாரத்துக்கு எத்தனை நாள், காரணம், தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகியவை இருக்கட்டும். ஒப்புக்கொண்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனவே அவர்கள் எழுப்பக்கூடிய தடைக்கு நீங்களே விடை எழுதிக் கொடுங்கள்.

எடிட்டருக்கு அந்தத் தடை, படம்பிடித்த ஃபுட்டேஜ் கோப்புகளின் பாரம்தான். மூலக் கோப்புகள் அலுவலகத்திலேயே இருக்க, ப்ராக்ஸியை (அவற்றின் பாரம் குறைந்த நகலை) மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கோப்புப் பெயர், டைம்கோடு, ஃபிரேம் ரேட், ஆடியோ சேனல் எண்ணிக்கை எல்லாம் மூலத்தோடு ஒத்திருக்க வேண்டும். 4 சேனல் மூலத்துக்கு 2 சேனல் ப்ராக்ஸி எடுத்தால் திரும்ப இணைக்கும்போது மக்கர் செய்யும். முதல் ரஃப் கட் (தோராயமான தொகுப்பு) வீட்டில், கலர் கிரேடிங்கும் ஆடியோ மிக்ஸும் அலுவலகத்தில் என்று பிரித்துக் கேட்டால் ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

கேள்வி: பக்கவாதம் வந்த அப்பாவுக்கு வீட்டுப் பராமரிப்பு மானியம் கிடைக்குமா?
- உட்லண்ட்ஸ் வாசகி, ஒப்பனைக் கலைஞர்

பதில்: குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறை செல்வது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்ற 6 அன்றாடச் செயல்களில் குறைந்தது 3க்கு எப்போதும் பிறர் உதவி தேவைப்பட்டால்தான் கிடைக்கும். குடும்ப வருமான வரம்பும் உண்டு. விண்ணப்பம் ஏஐசி வழியாகத்தான்.

மதிப்பீட்டு நாளில் பல அப்பாக்கள் வைராக்கியத்தோடு "நானே செய்துகொள்வேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். கூட இருந்து, வழக்கமான ஒரு நாள் எப்படிப் போகிறது என்று நீங்கள் சொல்லுங்கள். அதற்கு முந்தின ஒரு வாரம், சட்டைப் பொத்தானை யார் போட்டுவிட்டது, கழிவறைக்கு யார் கைபிடித்துக் கூட்டிப்போனது என்று நாள்வாரியாகக் குறித்து வைத்துக்கொண்டு போங்கள்.