கடைசித் தோசை பத்தரை மணிக்கு

கேள்வி: எனக்கு 47 வயது. கணவர் தனியார் கம்பெனியில் மேனேஜர். மூத்த மகனுக்கு 24, ஐ.டி. வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறான். இளையவன் காலேஜ் மூன்றாம் ஆண்டு. மூன்று வருஷத்தில் 9 கிலோ ஏறிவிட்டேன். டாக்டர் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார், எனக்கு நேரமே கிடைப்பதில்லை. அதனால் அடிப்பாகம் படகு மாதிரி வளைந்த டோனிங் ஷூ ஒன்றை ஆன்லைனில் 4,200 ரூபாய்க்கு வாங்கினேன். போட்டுக்கொண்டு நின்றாலே தொடையும் இடுப்பும் இறுகும் என்று போட்டிருந்தது. வெளியே போட்டுப் போகக் கூச்சமாக இருப்பதால் ராத்திரி தோசை வார்க்கும்போது சமையல்கட்டில் மட்டும் போட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் எட்டுக்கு ஒருவர், ஒன்பதுக்கு ஒருவர், பத்தரைக்கு ஒருவர் சாப்பிடுவார்கள், முதலில் கணவர், கடைசியில் பெரியவன், ஆறின தோசை யாருக்கும் இறங்காது. எப்படியும் இரண்டரை மணி நேரம் அடுப்படியில்தான் நிற்கிறேன். ஆறு வாரம் ஆகிறது. எடை குறையவில்லை, இரண்டு கெண்டைக்காலும்தான் வலிக்கின்றன. ஒரு தடவை வழுக்கி மேடையைப் பிடித்துக்கொண்டேன். இந்த ஷூ நிஜமாகவே வேலை செய்யுமா? இன்னும் எத்தனை நாள் போட வேண்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: வேலை செய்யாது. ஆறு வாரம் இல்லை, ஆறு வருஷம் போட்டாலும் அந்த ஷூ உங்கள் இடுப்பை இறுக்கப் போவதில்லை. இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

இதன் ஜாதகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், 4,200 ரூபாய் கொடுத்தவருக்கு அது தெரிய வேண்டும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் கார்ல் முல்லர் என்பவர் கொரியாவில் இருந்தபோது நெல்வயல் சேற்றில் நடந்தாராம், முதுகு வலி குறைந்ததாம். அந்த மெத்தென்ற தரையை ஷூவுக்கு அடியிலேயே கொண்டுவந்தால் என்ன என்று யோசித்து, ஆப்பிரிக்காவின் மசாய் மக்களையும் பெயரில் சேர்த்து, 1996-இல் எம்.பி.டி. (மசாய் பேர்ஃபுட் டெக்னாலஜி) என்று கடைக்குக் கொண்டுவந்தார். சேற்றில் நடந்தால் முதுகு வலி போகும் என்று நம் காவிரிக் கரையில் நாற்று நடுகிற பெண்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், நாற்று முடியாலேயே அடிப்பார்கள்.

அமெரிக்காவில் 2009 வாக்கில் பெரிய கம்பெனிகள் உள்ளே வந்தன. ஸ்கெச்சர்ஸின் ‘ஷேப்-அப்ஸ்’ உங்கள் ஷூ மாதிரியே வளைந்த அடிப்பாகம். ரீபோக்கின் ‘ஈஸிடோன்’ அடியில் காற்று மொட்டுகள். ஜிம் வாசலை மிதிக்காமலே உடம்பு சீராகும் என்றது ஒரு விளம்பரம். பிட்டத் தசைக்கு 28 சதவீதம், கெண்டைக்காலுக்கு 11 சதவீதம் கூடுதல் பலம் என்று கணக்கே போட்டுக் காட்டியது இன்னொன்று. கடைசியில், பொய் விளம்பரங்களைக் கண்காணிக்கிற அந்த நாட்டின் ஃபெடரல் டிரேட் கமிஷன் கணக்குக் கேட்டது. 2011 செப்டம்பரில் ரீபோக் 25 மில்லியன் டாலர், 2012 மே மாதம் ஸ்கெச்சர்ஸ் 40 மில்லியன் டாலர், வாங்கியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, பணத்தை மட்டும் கட்டினார்கள். ஸ்கெச்சர்ஸ் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று எனக்கு மறக்கவில்லை. விளம்பரத்தில் ஷூவைச் சிபாரிசு செய்து, தானே ஆய்வும் நடத்திய கைரோபிராக்டரின் (முதுகெலும்பைக் கையால் சரிசெய்கிறவர்) மனைவி, அதே கம்பெனியின் மார்க்கெட்டிங் அதிகாரி. அதை வாங்குகிறவர்களுக்குச் சொல்லவில்லை. நம் வீட்டுப் பெண்ணுக்கு நாமே நற்சான்று எழுதி நாமே கையெழுத்துப் போட்டுக்கொள்வது மாதிரிதான்.

கம்பெனிக்கு வெளியே இருந்து சோதித்தவர்கள் என்ன சொன்னார்கள்? அமெரிக்கன் கவுன்சில் ஆன் எக்சர்சைஸ் அமைப்பு 2010-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லா கிராஸ் வளாகத்தில் ஆராயச் சொன்னது. இளம்பெண்களை டிரெட்மில்லில் ஏற்றி, மூன்று வகை டோனிங் ஷூவையும் ஒரு சாதாரண ஓட்டப் பயிற்சி ஷூவையும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னார்கள். மூச்சு, இதயத் துடிப்பு, செலவான கலோரி எல்லாம் அளந்தார்கள். இன்னொரு குழுவுக்குத் தொடை, பிட்டம், கெண்டைக்கால் என்று எலக்ட்ரோடு ஒட்டித் தசை எவ்வளவு உழைக்கிறது என்றும் பார்த்தார்கள். சொல்லிக்கொள்ளும்படி எந்த வித்தியாசமும் இல்லை. ஆய்வுக் குழுவும் சின்னதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் விளம்பரம் சொன்ன 28 சதவீதம் உண்மையாக இருந்தால் அது சின்னக் குழுவிலும் கண்ணில் பட்டிருக்க வேண்டாமா?

இந்த வளைந்த அடிப்பாகத்துக்கு உலகத்தில் வேலையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அது செய்கிற நல்ல வேலையை நம் பக்கத்திலேயே பார்க்கலாம். வேலூர் சி.எம்.சி.யிலும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் உணர்ச்சி செத்துப்போன பாதங்களுக்கென்றே செருப்பு செய்யப் பாடுபட்டார்கள். இன்றைக்குச் சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்குகிற எம்.சி.ஆர். செருப்பு அந்த உழைப்பில் வந்ததுதான். பாதத்தில் புண் வந்து ஆறினவர்களுக்கு, விறைப்பான, வளைந்த அடிப்பாகமும் போட்டுக் கொடுப்பார்கள். நடக்கும்போது பாதம் மடங்காமல் உருண்டு போகும், விரலடியில் அழுத்தம் குறையும், பழைய புண் திறக்காது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். பாதத்தின் வேலையைக் குறைப்பதற்காக டாக்டர்கள் எழுதித் தருகிற வடிவம் அது. அதே வடிவத்தைக் கூடுதல் வேலை வாங்குவதற்கென்று உங்களிடம் விற்றிருக்கிறார்கள்.

கெண்டைக்கால் வலியைப் பலன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மெத்தென்ற குதிகால் உள்ளே அமிழும்போது கெண்டைக்கால் இழுபடுகிறது, அவ்வளவுதான். ஷூவைக் கழற்றினால் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மூன்று வருஷத்தில் 9 கிலோ என்கிறீர்கள், தைராய்டும் சர்க்கரையும் பார்த்தாயிற்றா? கடிதத்தில் காணோம். வழுக்கியதை ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அமெரிக்காவில் இந்த ஷூவால் தடுக்கி விழுந்தவர்களும், கால் பிசகினவர்களும், எலும்பு முறிந்தவர்களும் உண்டு. எண்ணெய் சிந்திய டைல்ஸ் தரை, பக்கத்தில் காய்ந்த தோசைக்கல், காலில் ஆடுகிற ஷூ. எனக்குப் படிக்கும்போதே அடிவயிறு கலங்கியது.

ஷூ கதை இத்துடன் போதும். இனி உங்கள் கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் எழுதிய அந்த வரிக்கு வருகிறேன். எட்டுக்கு ஒருவர், ஒன்பதுக்கு ஒருவர், பத்தரைக்கு ஒருவர்.

கணக்குப் போடலாம், வாங்க. ஆளுக்கு நாலு தோசை. ஒரு தோசைக்கு, கல் காய்ந்திருந்தால், மூன்று நிமிஷம். பன்னிரண்டு தோசைக்கு முப்பத்தாறு நிமிஷம். சட்னி தாளிக்கப் பத்து நிமிஷம் சேர்த்துக்கொள்ளுங்கள். முக்கால் மணியில் முடிய வேண்டிய வேலைக்கு நீங்கள் இரண்டரை மணி நேரம் நிற்கிறீர்கள். மீதி ஒன்றே முக்கால் மணி நேரம் என்ன செய்தீர்கள்? காத்திருந்தீர்கள். கல்லை அணைத்து, மறுபடி காயவைத்து, வெங்காயத்தால் தேய்த்து, ‘இப்ப வர்றியாடா’ என்று அறைக் கதவைப் பார்த்துக் குரல் கொடுத்து, ‘அஞ்சு நிமிஷம்மா’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து நின்றீர்கள். டாக்டர் கேட்டது தினம் அரை மணி நேரம். அது இல்லையென்று அவரிடம் சொல்லிவிட்டு வந்து, அடுப்படியில் இதைப் போல மூன்று மடங்கு நேரத்தை நின்றே கரைத்திருக்கிறீர்கள்!

ஆறின தோசை யாருக்கும் இறங்காது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘யாருக்கும்’ என்பதில் நீங்கள் உண்டா? நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று கடிதம் முழுக்கத் தேடினேன், இல்லை. பதினோரு மணிக்குக் கல்லில் ஒட்டிப் பிய்ந்த முதல் தோசையும், எட்டு மணிக்காரர் தட்டில் மிச்சம் வைத்த அரைத் தோசையும், கிண்ணத்து அடியில் கிடக்கிற சட்னியும், நின்றபடியே. சரிதானே? எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். என் மகனுக்குக் கல்யாணமாகி நாலாவது மாதம் மருமகள் போன் பண்ணினாள். “அத்தை, ஒரு சந்தேகம். இவருக்குத் தோசையை ஒவ்வொண்ணா, சுடச்சுட, தட்டு காலியாகக் காலியாக வைக்கணுமாமே? நீங்க அப்படித்தான் பழக்கினீங்களாமே?” குரலில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. அதுதான் சுருக்கென்றது. அந்தப் பெண்ணும் காலையில் எட்டரைக்கு வேலைக்குப் போகிறவள். நான் இருபத்தாறு வருஷம் பாசம் என்று நினைத்து வளர்த்ததை, முன்பின் தெரியாத ஒரு பெண் தலையில் சீதனத்துக்குப் பதில் சீதனமாகக் கட்டி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு என்னால் முடிந்தது ஒன்றுதான். “நான் பழக்கினது தப்பும்மா, அவனையே வார்த்துக்கச் சொல்லு” என்றேன். அவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இப்போது அவன் வார்க்கிற தோசை என்னுடையதைவிட மெல்லிசு.

வீட்டில் இருப்பவர்களுக்குச் சமைத்துப் போடுவது அடிமைத்தனம் என்று பேசுகிற ஆள் இல்லை நான். சோறு போடுவது கடமை, அதில் ஒரு நிறைவும் உண்டு. ஆனால் கடமைக்கு இரண்டு முனை வேண்டும். அம்மா வார்த்து வைக்கும்போது வந்து உட்காருவது பிள்ளைகளின் கடமை. வீட்டில் இருந்தபடி வேலை பார்க்கிறவன், அறையிலிருந்து சாப்பாட்டு மேஜைக்கு வரப் பத்தடி தூரம், அதற்குப் பத்தரை மணி ஏன்? உங்கள் வீட்டுக்காரர் மேனேஜராம். ஆபீசில் மூன்று பேர் மூன்று நேரத்துக்கு மீட்டிங் வந்தால் சும்மா இருப்பாரா? எட்டு மணிக்குத் தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறாரே, ‘இன்னும் ரெண்டு பேருக்கு நீ நிக்கணுமா’ என்று ஒரு நாள் கேட்டிருப்பாரா? நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால் அது வீடு. மூன்று ஷிஃப்டில் சாப்பிட்டால் மெஸ். மெஸ்ஸிலாவது பத்து மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுவார்கள், மாஸ்டருக்குச் சம்பளமும் உண்டு.

இதில் உங்கள் பங்கும் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் யாரும் உங்களை நில் என்று சொல்லவில்லை. நீங்களாக நின்றீர்கள். நேரம் வேண்டும் என்று வீட்டில் மூன்று ஆண்களிடம் வாய்விட்டுக் கேட்பதைவிட, யாருக்கும் தெரியாமல் 4,200 ரூபாய்க்கு ஒரு ஷூ வாங்கிக்கொள்வது உங்களுக்கு எளிதாக இருந்திருக்கிறது. போட்டுக்கொண்டு தெருவில் நடக்கவும் கூச்சம். எனக்கு எரிச்சல் வந்தது அங்கேதான்.

நாளை ராத்திரி எட்டரைக்குக் கல்லைப் போடுங்கள். எல்லாரும் அப்போது வர வேண்டும் என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள், காரணம் சொல்லாதீர்கள். முதல் ரவுண்டில் உங்கள் தட்டும் இருக்கட்டும். ஒன்பதே காலுக்கு அடுப்பை அணையுங்கள். வராதவருக்கு மாவு இருக்கிறது, கல் இருக்கிறது, கை இருக்கிறது. இரண்டு நாள் முகம் தூக்குவார்கள். மூன்றாம் நாள் ஹோட்டலிலிருந்து ஆர்டர் போடுவார்கள், போடட்டும், அவர்கள் காசு. நீங்கள் இறங்கி வந்தால் மறுபடி எனக்கு எழுத வேண்டாம்.

உடம்புக்குச் செய்ய வேண்டியது சொற்பம்தான். வாரத்தில் குறைந்தது 150 நிமிஷம் விறுவிறுப்பான நடை, அதோடு இரண்டு நாள் தசைக்கு வேலை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு. தசை இறுக வேண்டுமானால் அதற்குப் பழகினதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுமை தர வேண்டும், ஆட்டிவிட்டால் போதாது. கெண்டைக்கால் வலி போனபிறகு, கை வைக்காமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். மாடிப்படி இருந்தால் ஏறுங்கள். வெறுங்காலில் செய்யலாம், பைசா செலவில்லை. நடக்க மட்டும் அடி தட்டையான, குதிகால் கெட்டியான சாதாரண ஷூ ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். புடவைக்கு ஷூ போட்டால் யார் என்ன சொல்வார்கள் என்ற யோசனை வேண்டாம், பார்க் முழுக்க இப்போது அப்படித்தான் நடக்கிறார்கள்.

ராத்திரி தெருவிளக்கு இருந்தால் ஒன்பதே காலுக்கே கிளம்பலாம், இல்லாவிட்டால் விடிகாலை. ராத்திரி என்றால் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள், எட்டரைக்குச் சாப்பிட்டவருக்கும் நல்லது. நீங்கள் வாசலில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கும்போது பெரியவன் அறையிலிருந்து வெளியே வந்து, மாவு எங்கேம்மா என்பான். ஃபிரிட்ஜில் இரண்டாவது தட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு கேட்டைச் சாத்துங்கள்.