ஊருக்குள் குளிர்ச்சி, நெடுஞ்சாலையில் கொதிப்பு

கேள்வி: என்னிடம் 1984 மாடல் அம்பாசடர் மார்க் 4 பெட்ரோல் வண்டி இருக்கிறது. ஊருக்குள் எவ்வளவு நெரிசலில் நின்றாலும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டாது. சென்னை ரோட்டில் 80-ல் இருபது நிமிடம் போனால் சிவப்பைத் தொட்டுவிடுகிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (தண்ணீர் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு) கழற்றிவிட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் எலெக்ட்ரிக் ஃபேன் ஒன்றும் மாட்டினார். ஓஸ் இரண்டும் புதுசு. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுகிறேன். இன்ஜினைப் பிரித்தே ஆகவேண்டும் என்கிறார். பிரிக்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நெரிசலில் சூடாகி ரோட்டில் ஆறுகிற வண்டிக்குத்தான் ஃபேன் கோளாறு. உங்களுடையது நேர் எதிர். 60 கி.மீ. வேகத்துக்கு மேல் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். அந்தக் காற்றின் வழியில்தான் புது ஃபேன் நின்றுகொண்டிருக்கிறது. கழற்றிவிடுங்கள். கிரில்லுக்கு முன்னால் ஃபாக் லாம்ப், பெரிய ஹாரன் ஏதாவது இருந்தால் அதையும்.

அடுத்து, புதுசு என்று நீங்கள் நம்பும் கீழ் ஓஸ். வாட்டர் பம்ப் அதன் வழியாகத்தான் ரேடியேட்டர் தண்ணீரை உறிஞ்சுகிறது. ஓஸ் சப்பிப்போகாமல் இருக்க உள்ளே ஒரு கம்பிச் சுருள் போடுவது வழக்கம். ஓஸ் மாற்றும்போது, துருப்பிடித்த சுருளை எடுத்து வீசிவிட்டு வெறும் ரப்பரை மாட்டிவிடுவது பல பட்டறைகளில் நடக்கிறது. இன்ஜின் ஆறியிருக்கும்போது விரலால் அழுத்திப் பாருங்கள், சுருள் இருந்தால் கையில் தட்டுப்படும். பிறகு வண்டியை நன்றாகச் சூடாக்கி, நியூட்ரலில் வைத்து, ஒருவர் ஆக்சிலேட்டரை 3000 சுற்றுவரை ஏற்ற, நீங்கள் ஓஸை மட்டும் பாருங்கள் (துண்டு, வேட்டி நுனி ஃபேன் பக்கம் போகாமல்). ஐட்லிங்கில் உருண்டையாக இருப்பது, சுற்று ஏறியதும் இளநீர் ஸ்ட்ராவை உறிஞ்சினாற்போல் ஒட்டிக்கொண்டால் கோளாறு அங்கேதான். ஊருக்குள் அந்தச் சுற்று வராது, அதனால் முள்ளும் ஏறாது. துருப்பிடிக்காத கம்பியில் சுருள் செய்து போடலாம்.

ஆனால் சுருள் போட்டதோடு விட்டுவிடக் கூடாது. ஓஸ் ஒட்டுவதற்கு ரேடியேட்டர் அடைப்பும் ஒரு காரணம். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் நிற்காவிட்டாலும் ஒட்டும். ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் தண்ணீர் கொதிக்கும் சூடு சுமார் ஒன்றரை டிகிரி ஏறும். மூடி பழுதானால் அந்த லாபம் முழுக்கப் போய்விடும். புது மூடி, பழைய ஒரிஜினலில் பொறித்திருக்கும் அதே அழுத்த எண்ணில்தான் வாங்க வேண்டும். கூடுதல் எண் போட்டால் நாற்பது வருட ஈயப் பற்று விட்டுவிடும்.

ரேடியேட்டரை வெளியே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது பூச்சி, மண்ணுக்கு மட்டும்தான். போர் தண்ணீர் ஊற்றி வளர்ந்த உப்பு குழாய்களுக்குள் இருக்கிறது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு இன்ஜினை நிறுத்தி, கருப்பு பெயின்ட் உள்ள பாகத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டிப் பாருங்கள் (பளபளக்கும் பித்தளையில் தப்பாகக் காட்டும்). நடுவில் திட்டுத்திட்டாகக் குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் போகவில்லை. மேல் டேங்கின் பற்றைப் பிரித்துத் தட்டைக் கம்பி விட்டுக் குத்தித்தான் எடுக்க வேண்டும். பாதிக் குழாய் போயிருந்தால் புதுக் கோர் கட்டுவதே மேல். அந்தச் சமயத்தில் இன்ஜின் பிளாக்கின் வடிகுழாயையும் திறந்துவிடுங்கள். சேறு அடைத்துத் தண்ணீர் வராவிட்டால் கம்பியால் குத்துங்கள்.

தண்ணீர் பக்கம் எல்லாம் சரி என்றால் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, ரோட்டரை அது சுழலும் திசையில் விரலால் திருகுங்கள். கொஞ்சம் நகர்ந்து, விட்டதும் தானே திரும்ப வேண்டும். அசையாவிட்டால் உள்ளே அட்வான்ஸ் வெயிட் (வேகம் ஏறும்போது பொறியை முன்னதாக விழச் செய்யும் எடை) இறுகிவிட்டது. ஐட்லிங் ஒழுங்காக இருக்கும், ஆனால் வேகத்தில் பொறி தாமதமாக விழும். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டிருக்கும் வாயு, அந்தச் சூட்டை நேராக ஹெட்டில் உள்ள தண்ணீருக்குக் கொடுக்கும். கழற்றித் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். பிளக் முனை சுண்ணாம்பு வெளுப்பாக இருந்தால் பெட்ரோல் கலவை குறைவு. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, பழைய செட்டிங்கில் உள்ள கார்புரேட்டர் குறைவாகத்தான் ஊற்றும். எஸ்.யு. கார்புரேட்டர் என்றால் ஜெட் நட்டை ஒரு முகம் (ஆறில் ஒரு பங்கு சுற்று) மட்டும் கீழே இறக்கி, ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பிளக்கைப் பாருங்கள்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். அது இல்லாதபோது தண்ணீர் கட்டுப்பாடில்லாமல் ஓடி, பிளாக்குக்குள் அழுத்தம் குறைகிறது. எக்ஸாஸ்ட் வால்வு ஓரங்களில் ஆவி கட்ட அதுவும் இடம் கொடுக்கும். போடுமுன் சட்டியில் வெந்நீரில் தொங்கவிட்டு, மேலே பொறித்த டிகிரியில் திறக்க ஆரம்பிக்கிறதா என்று பாருங்கள்.

அரை லிட்டர் தண்ணீர்? கழுத்துவரை ஊற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தனி பாட்டில் இல்லாத ரேடியேட்டரில், தண்ணீர் சூட்டில் விரிந்து மிஞ்சியது வெளியேறியே தீரும். ஒரு அங்குலம் குறைத்து வைத்து, மறுநாள் ஆறிய பிறகு பாருங்கள். அதே மட்டத்தில் நின்றால் கவலை இல்லை. தொடர்ந்து இறங்கினால் ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து, ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது. இன்ஜினைப் பிரிக்கும் பேச்சு அப்போது வரட்டும்.

கேள்வி: பிரீமியர் பத்மினி. ரோட்டில் முள் சரியாக இருக்கிறது. டீ குடிக்க நிறுத்திய ஐந்து நிமிடத்தில் முள் ஏறி, திரும்ப ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. ரேடியேட்டரை மாற்றவா?
– வாசகர், சேலம்

பதில்: மாற்ற வேண்டாம். இன்ஜின் நின்றதும் தண்ணீர் ஓட்டமும் நிற்கிறது. ஹெட்டின் சூடு தேங்கி முள் கொஞ்சம் ஏறுவது இயல்பு. ஸ்டார்ட் ஆகாததற்குப் பெட்ரோல் பம்பிலும் பைப்பிலும் ஆவி கட்டுவதுதான் பெரும்பாலும் காரணம். பம்பின் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். அதன் பிறகு உடனே கிளம்பினால் காரணம் அதுதான். பிறகு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டிப் போகும் பெட்ரோல் பைப்பை விலக்கிக் கட்டுங்கள். நிறுத்துமுன் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுவதும் உதவும்.