பொரிக்காத முட்டையும் ஒரு கை உப்பும்

தொட்டி மீன்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பைட்டர் மீன் குஞ்சுகளுக்குக் கொடுக்க ஆர்ட்டீமியா (உப்புத் தண்ணீரில் வாழும் பொடி உயிர், உப்பு இறால் என்பார்கள்) முட்டை ஒரு டப்பா வாங்கினேன். மாசியில் இரண்டு தடவை போட்டேன், ஆரஞ்சு நிறத்தில் மொய்மொய்யென்று பொரித்தது. சித்திரை பிறந்ததிலிருந்து நாலு தடவை போட்டுவிட்டேன், பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. அதே மாடி அறை, அதே பாட்டில், அதே ஒரு கை கல் உப்புதான். விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: விற்றவரை விடுங்கள் தம்பி, அதே டப்பாதானே மாசியில் பொரித்தது. எனக்குச் சந்தேகம் உங்கள் மாடி அறை மேல்தான். இந்த முட்டைக்குத் தோதான சூடு 26 முதல் 28 டிகிரி. அதில் வைத்தால் 24 மணி நேரத்தில் பொரித்துவிடும். 32-ஐத் தாண்டினால் பொரிப்பு சரியத் தொடங்கும். சித்திரை வெயிலில் நம்மூர் மாடி அறையில் ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீர் என்ன சூடு ஏறும் என்று மத்தியானம் ஒரு தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். கீழே கொண்டுவந்துவிடுங்கள். பழைய வீடாக இருந்தால் இன்னும் நல்லது, நான் இரண்டாங்கட்டுத் தாழ்வாரத்தில் ஆத்தங்குடிக் கல் தரையிலேயே பாட்டிலை வைக்கிறேன், கோடையில் அதைவிடக் குளிர்ச்சியான இடம் வீட்டில் இல்லை. ஆனால் குளிர்ச்சி என்று இருட்டறையில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். முட்டை நனைந்த முதல் சில மணி நேரம் வெளிச்சம் பட்டால்தான் உள்ளே வேலை தொடங்கும். பக்கத்தில் ஒரு எல்இடி பல்பு போதும், அது சூடும் ஏற்றாது.

அடுத்தது அந்த ஒரு கை உப்பு. மாசியில் அது சரியாக அமைந்தது உங்கள் அதிர்ஷ்டம். கல் உப்பைக் கையால் அள்ளினால் ஒரு நாள் இருபது கிராம் வரும், ஒரு நாள் ஐம்பது வரும். லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் என்று தராசில் நிறுத்துப் போடுங்கள். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சப்பென்று இருந்தாலும் பாதகமில்லை. ஆர்ஓ தண்ணீர் என்றால் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா சேருங்கள், இதற்குத் தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) எட்டுக்கு மேல் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு எடுங்கள். காற்றுக் குழாயைப் பாட்டிலின் அடிவரை விடுங்கள், நுனியில் பொடிக் குமிழி விடும் காற்றுக் கல் மாட்ட வேண்டாம். பொடிக் குமிழி நுரை கட்டி முட்டையையெல்லாம் பாட்டில் சுவரில் ஒட்டவைத்துவிடும், ஒட்டியது பொரிக்காது. முட்டையையும் அள்ளிக் கொட்டாதீர்கள், ஒரு கிராமிலேயே இரண்டரை லட்சம் வரை இருக்கும், உங்கள் குஞ்சுகளுக்குக் கால் டீஸ்பூனே அதிகம்.

டப்பாவை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஈரக் கரண்டி ஒரு தடவை பட்டாலும் போச்சு. முட்டை ஈரத்தை இழுத்துக்கொண்டு அரைகுறையாக விழித்து, அப்படியே செத்துப்போகும். இறுக்கமான மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் மாற்றி, செருப்புப் பெட்டியில் வருமே ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம், அதையும் உள்ளே போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். மேலே பெயர் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒட்டவில்லை, பார்க்கக் காப்பித்தூள் மாதிரியே இருந்ததால் அப்பத்தா ஃபில்டரில் போட்டுவிட்டார். டிகாக்‌ஷன் இறங்கவில்லை என்று அன்று முழுக்கக் காப்பிக் கடைக்காரருக்குத்தான் திட்டு.

கேள்வி: பொரித்ததைப் பாட்டிலோடு தொட்டியில் ஊற்றலாமா? மிச்சத்தை மறுநாள் கொடுக்கலாமா?
(வாசகி, தேவகோட்டை)

பதில்: ஊற்றக் கூடாது. உப்பும் போகும், முட்டை ஓடும் போகும், ஓட்டைத் தின்ற குஞ்சுக்கு வயிறு அடைத்துக்கொள்ளும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். ஓடு மேலே மிதக்கும், பொரிக்காத முட்டை அடியில் தங்கும், உயிருள்ளவை வெளிச்சத்தைத் தேடி வரும். பாட்டிலின் பக்கவாட்டில் டார்ச் பிடித்தால் ஒரே இடத்தில் ஆரஞ்சாகக் குவியும், அதை மட்டும் குழாயால் இழுத்து, நெருக்கமாக நெய்த கைக்குட்டையில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்தான், அரை மணி விட்டால் மூச்சு முட்டிச் சாகும்.

மறுநாளைக்கு என்றால், பொரித்த புதிதில் அவற்றுக்கு வாயே திறக்காது, உடம்பில் இருக்கும் மஞ்சள் கருவைக் கரைத்துத்தான் வாழும். அந்தச் சத்துதான் நம் குஞ்சுக்கு வேண்டியது, நேரம் ஆக ஆகக் குறைந்துகொண்டே போகும். உப்புத் தண்ணீரோடு தட்டையான பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு நாள் தாங்கும். ஆனால் நான் இரண்டு பாட்டில் வைத்துக்கொண்டு, இன்று ஒன்று நாளை ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுகிறேன். அதுதான் தொல்லையில்லாத வழி.

கேள்வி: இந்த இறால் நம் நாட்டில் கிடையாதா?
(வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: உண்டு, தூத்துக்குடி உப்பளங்களிலேயே இருக்கிறது. அங்குள்ள ஒரு வகையில் ஆண் இல்லாமலே பெண் இனம் பெருக்கும். டப்பாவில் வருவதில் பெரும்பகுதி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியிலிருந்தும் சைபீரிய, சீன உப்பு ஏரிகளிலிருந்தும் வருவது. அப்புறம், இது இறாலே இல்லை, தூரத்துச் சொந்தம்தான்.